பின்தொடர்கிறவர்கள்

சென்ற மாதம் ஒரு நாள் சாயங்காலம் மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். ஓர் இளைஞர் வந்து வணக்கம் சொன்னார். கதை எழுதுகிறவராம். என் கதைகளில் இரண்டைப் படித்திருப்பதாகவும் சொன்னார். இரண்டைப் படித்தவரைக் கீரைக் கட்டோடு நிற்க வைத்து அனுப்பலாமா? பக்கத்து ஹோட்டலுக்கு அழைத்துப் போனேன். காபி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஸார், உங்களை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள்?"

என்னை அறியாமலே முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சர்வர் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தார். இளைஞர் சிரித்துவிட்டு விளக்கினார். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அவரைப் பின்தொடர்கிறவர்கள் எண்ணூற்றுச் சொச்சம் பேர். கதைத் தொகுதி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பதிப்பாளரிடம் போனாராம். அவர் கையெழுத்துப் பிரதியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "பத்தாயிரம் பேர் சேர்ந்த பிறகு வாருங்கள்" என்று சொல்லிவிட்டாராம்.

"பத்தாயிரம் பேருக்கு நான் எங்கே போவேன், ஸார்?" என்றார். குரலில் வேடிக்கை இல்லை.

அன்று அவருக்குச் சரியான பதில் ஒன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், இந்தக் கேள்வி அவருடையது மட்டும் அல்ல என்று தோன்றியது. இதே ஊரில், நாலு மைல் சுற்றளவுக்குள், நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு எழுத்தாளரும் இதே கேள்வியோடு தெருத் தெருவாக அலைந்திருக்கிறார்கள். அந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. எழுத்தாளனைப் பின்தொடர்வது என்பதற்கு ஒரு காலத்தில் வேறு அர்த்தம் இருந்தது. பாரதியார் புதுச்சேரியில் இருந்த காலத்தில் அவரைத் தவறாமல், நாள்தோறும், மிகுந்த சிரத்தையுடன் பின்தொடர்ந்தவர்கள் பிரிட்டிஷ் சர்க்காரின் ரகசியப் போலீஸார். அவ்வளவு உண்மையான அபிமானிகள் இன்று யாருக்கும் வாய்க்கமாட்டார்கள்!

வாசகரைத் தேடிப் போன கதையை நான் உ. வே. சாமிநாதையரிலிருந்து ஆரம்பிப்பேன். 1887-ஆம் ஆண்டில் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அப்போது அவர் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதர். அச்சு வேலை சென்னையில். காகிதத்துக்கும் அச்சுக் கூலிக்கும் பணம் வேண்டும். பண்டிதர் சம்பளத்தில் அது நடக்கிற காரியமா? அந்த நாளில் இதற்கு ஒரு வழி இருந்தது. புத்தகம் வெளிவருமுன்பே, 'நான் ஒரு பிரதி வாங்கிக்கொள்கிறேன்' என்று கனவான்களிடம் கையொப்பம் வாங்குவது. ஐயரவர்களும் அப்படியே செய்தார். சேலம் இராமசாமி முதலியார் போன்றவர்கள் முன்னின்று உதவினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கையொப்பமிட்டவர்களில் பெரும்பாலோர் சிந்தாமணியை அதற்கு முன் படித்தவர்கள் அல்லர். படித்திருக்கவும் முடியாது, அது ஏட்டில் இருந்தது. அவர்கள் கையொப்பமிட்டது நூலுக்காக அல்ல, எதிரே நின்ற மனிதருக்காக. 'இந்த மனுஷர் இத்தனை வருஷம் ஏடு ஏடாகத் தேடி அலைந்திருக்கிறார், இவர் ஏமாற்றமாட்டார்' என்ற நம்பிக்கை. இன்று இதையே பெரிய புதுமையாகக் 'கூட்டு நிதி' என்கிறார்கள். கையொப்பப் புஸ்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு தமிழ்ப் பண்டிதர் சென்னைத் தெருக்களில் எப்போதோ நடந்துவிட்டார்.

பாரதியார் அடுத்தவர். 1906-ல் சென்னையில் 'இந்தியா' வாரப் பத்திரிகை ஆரம்பமாயிற்று. அவர் அதற்கு உயிராக இருந்தார். தமிழில் அரசியல் கேலிச் சித்திரங்களை வழக்கத்துக்குக் கொண்டுவந்த பத்திரிகை அது. படிக்கத் தெரியாதவனும் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருப்பவனை 'இதில் என்ன போட்டிருக்கிறது?' என்று கேட்பான் அல்லவா? வாசகன் உண்டாகிற இடம் அதுதான். 1908-ல் சர்க்காரின் கை நீண்டது. பத்திரிகையும் பாரதியாரும் புதுச்சேரிக்குப் போனார்கள். அங்கே பிரெஞ்சுக்காரர் ஆட்சி, அச்சடிக்கத் தடையில்லை. ஆனால் வாசகர்களெல்லாம் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் பத்திரிகை உள்ளே வரக் கூடாது என்று தடுத்தது. 1910-ல் 'இந்தியா' நின்றுபோயிற்று.

எழுத்தாளனைப் பேசவிடாமல் செய்ய அவன் வாயைக் கட்ட வேண்டியதில்லை. அவனுக்கும் வாசகனுக்கும் நடுவிலுள்ள வழியை அடைத்துவிட்டால் போதும். அன்று அந்த வழி தபாலாபீஸ். அதன் சாவி சர்க்காரிடம் இருந்தது. இன்று வழி வேறு. அதன் சாவி கலிபோர்னியாவில் இருக்கிற கம்பெனிகளிடம் இருக்கிறது. அவர்கள் நம்மேல் விரோதம் கொண்டு அடைப்பதில்லை. எது லாபமோ அதை முன்னே தள்ளுகிறார்கள், மற்றது தானே பின்னே போய்விடுகிறது. ஆனால் சாவி நம்மிடம் இல்லை என்பது அன்றும் இன்றும் ஒன்றே.

1920-ல், தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்துவிட்ட பாரதியார், தம் நூல்களை வெளியிட ஒரு திட்டம் போட்டார். தம் எழுத்தையெல்லாம் நாற்பது புத்தகங்களாகப் பிரிப்பது; ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சிடுவது; அதற்கான முதலை நண்பர்களிடமும் அபிமானிகளிடமும் கடனாக வாங்கி வட்டியோடு திருப்பித் தருவது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாலு லட்சம் பிரதிகள்! தம் புத்தகங்கள் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு விற்கும் என்று அவர் நிச்சயமாக நம்பினார். சுற்றறிக்கை அனுப்பினார். திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் அவர் காலமானார்.

அந்தப் பத்தாயிரம் என்ற எண்ணைப் பார்த்தபோது எனக்கு மாடவீதி இளைஞரின் ஞாபகம் வந்தது. அதே பத்தாயிரம். பாரதியாரிடமும் ஒரு பதிப்பாளர் அதைக் கேட்டிருந்தால் அவரும் காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 1949-ல் சென்னை மாகாண அரசாங்கம் பாரதி நூல்களை நாட்டுடைமை ஆக்கிற்று. அதற்குப் பிறகு அவர் சொன்னபடியே ஆயிற்று. மண்ணெண்ணெய் அடுப்பு ஒழிந்துபோன வீடுகளில்கூட இன்று பாரதியார் கவிதைகள் இருக்கின்றன. கணக்குத் தப்பவில்லை, தேதிதான் தப்பியது. ஆனால் அந்தத் தேதிக்குள்தான் ஒரு மனிதனின் ஆயுள் அடங்கிவிட்டது.

அதே திருவல்லிக்கேணியில், சில ஆண்டுகளுக்குள், ஒரு பெண்மணி வேறு வழியில் காரியத்தைச் சாதித்துக் காட்டினார். வை. மு. கோதைநாயகி அம்மாள். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. முதலில் எழுதிய நாடகத்தைத் தோழி ஒருத்தியிடம் வாயால் சொல்லி எழுதுவித்தார் என்பார்கள். 1925-ல் 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு 1960-ல் காலமாகும் வரை நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள். தேசிய இயக்கத்தில் சிறை சென்றபோது அங்கேயும் நாவல் எழுதினார்.

அவர் வாசகரை எங்கே கண்டுபிடித்தார்? ஒருவரும் தேடாத இடத்தில்: சமையலறையில். அந்த நாள் பத்திரிகைகள் ஆண்களுக்காக ஆண்கள் நடத்தியவை. வீட்டுக்குள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு மருமகள் இருப்பாள். அவள் படிக்க, மாமியாரும் அத்தையும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பார்கள். ஒரு பிரதிக்கு ஒரு சந்தாதான். கேட்கிறவர்களோ ஐந்தாறு பேர். கோதைநாயகி அம்மாளின் நாவல்களை இன்று விமர்சகர்கள் உயர்வாகச் சொல்வதில்லை. அது இருக்கட்டும். தமிழ்நாட்டில் பெண்கள் கதை படிக்கிற வழக்கத்துக்கு அடிக்கல் நாட்டியவர்களில் அவர் ஒருவர். பின்னால் வந்த நாங்களெல்லாம் அவர் வெட்டிய கிணற்றில் தண்ணீர் மொண்டவர்கள்.

வாசகர் கூட்டத்தைப் பெரிய அளவில் உண்டாக்கும் ரகசியத்தைக் கண்டுகொண்டவர் எஸ். எஸ். வாசன். தபால் மூலம் சாமான் விற்கிற வியாபாரம் செய்து பழகியவர். 1928-ல் 'ஆனந்த விகட'னை வாங்கினார். குறுக்கெழுத்துப் போட்டி வைத்தார். ஜனங்கள் பரிசுக்காகப் பத்திரிகை வாங்கினார்கள். பரிசுக்கு வந்தவர்களைத் தங்க வைக்கக் 'கல்கி' கிருஷ்ணமூர்த்தியைக் கொண்டுவந்தார். ஆசாமியை வரவழைப்பது ஒரு வித்தை, உட்கார வைப்பது வேறு வித்தை என்பதை வாசன் அறிந்திருந்தார். இன்று இளைஞர்கள் முதல் வித்தையை மட்டும் படித்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

கல்கி என்ன செய்தார்? வாரந்தோறும் வந்தார். அவ்வளவுதான், ஆனால் அதுதான் எல்லாம். சங்கீதக் கச்சேரி, சினிமா, அரசியல், காந்தி, காவேரி எதைப் பற்றி எழுதினாலும், திண்ணையில் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற ஒரு மனிதரின் குரல். 1938, 39-ல் 'தியாக பூமி' தொடர்கதை வந்தபோது சித்திரங்களுக்குப் பதிலாக, எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த சினிமாவின் படங்களையே போட்டார்கள். 1941-ல் விகடனை விட்டு வந்து, சதாசிவத்துடன் சேர்ந்து 'கல்கி' பத்திரிகையை ஆரம்பித்தார். எம். எஸ். சுப்புலக்ஷ்மி 'சாவித்திரி' படத்தில் நடித்துப் பெற்ற பணம் அதற்கு முதலாயிற்று. 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரையில், மூன்றரை ஆண்டு, 'பொன்னியின் செல்வன்' வந்தது. மணியத்தின் சித்திரங்களோடு அந்தப் பக்கங்களைக் கிழித்துத் தைத்துப் பைண்டு செய்து வைத்துக்கொள்ளாத வீடு குறைவு. நடுநடுவே சோப்பு விளம்பரமும் தலைவலித் தைல விளம்பரமுமாக, ஓரம் பழுத்துப்போன அத்தகைய ஒரு தொகுப்பில்தான் நானும் வந்தியத்தேவனை முதலில் பார்த்தேன். அந்தத் தொகுப்பை ஊசி நூலால் தைத்தவர் என் பாட்டி. அவர் கல்கியைப் 'பின்தொடர்ந்தார்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட வாழ்ந்தார் என்றே சொல்ல வேண்டும்.

முகம் காட்டிப் பெயர் வாங்கலாம் என்பதும் இன்றைய கண்டுபிடிப்பு அல்ல. 'கல்கண்டு' பத்திரிகை ஆசிரியர் தமிழ்வாணனின் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் தமிழ்நாட்டில் பிரசித்தம். பெயர், விலாசம் எதுவும் எழுதாமல் ஒரு தொப்பியையும் கண்ணாடியையும் மட்டும் வரைந்து தபாலில் போட்டால் அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று சொல்வார்கள். தியாகராய நகரில் அவர் பெயரை வைத்தே ஒரு பதிப்பகம் வளர்ந்தது. துப்பறியும் சங்கர்லால் கதை எழுதுவார். வாசகர் கேட்கிற எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வார். அவருக்கு வாசகர்கள் இளம் பிள்ளைகள். 'நான் கேட்டதற்கு அவர் பதில் போட்டார்' என்று அச்சில் தன் பெயரைப் பார்த்த பையன், ஆயுள் முழுவதும் அந்தப் பக்கத்தை மறக்கமாட்டான்.

இந்த வெளிச்சமெல்லாம் ஒரு பக்கம் இருக்க, திருவல்லிக்கேணிப் பிள்ளையார் கோயில் தெருவில் ஒருவர் இருந்தார். உ. வே. சாமிநாதையர் பல காலம் வாழ்ந்த அதே தெரு. சி. சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்தார். பரிசுப் போட்டி இல்லை, வர்ணப் படம் இல்லை, ஹாஸ்யத் துணுக்கு இல்லை. புதுக்கவிதையும் விமர்சனமும்தான். பதினோரு ஆண்டுகளில் நூற்றுப் பத்தொன்பது இதழ்கள். புத்தகங்களைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு காலேஜ் காலேஜாகப் போய் விற்றார். கையில் இருந்ததெல்லாம் கரைந்தது.

அந்த இளைஞரைத் திருப்பி அனுப்பிய பதிப்பாளரின் அளவுகோலை எடுத்து அளந்தால் செல்லப்பா ஒரு தோல்வி. ஆனால் அந்தச் சிறு கூட்டத்தில் இருந்தவர்கள் யார் என்று பாருங்கள். ந. பிச்சமூர்த்தி எழுதினார். நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி 'பசுவய்யா' என்ற பெயரில் கவிதை அனுப்பினார். இலங்கையில் திருகோணமலையிலிருந்து, இருபது வயதுப் பிள்ளை ஒருவர் தபாலில் கவிதை அனுப்பினார். பின்னாளில் அவர்தான் பிரமிள். வடக்கே உத்தியோகத்தில் இருந்த வெங்கட் சாமிநாதன் கட்டுரை எழுதினார். 1962-ல் 'புதுக் குரல்கள்' என்ற தொகுப்பு வந்தது. தமிழ்க் கவிதை திசை திரும்பியதே அந்தச் சின்னப் பத்திரிகையில்தான். கல்கியின் வாசகர்கள் கல்கியைப் படித்தார்கள். செல்லப்பாவின் வாசகர்களோ எழுத ஆரம்பித்தார்கள். எது பெரிது என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

எண்பது வயதைத் தாண்டிய பிறகும் அவர் விடவில்லை. 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலை 1997-ல் தாமே வெளியிட்டார். 1998-ல் காலமானார். அந்த நாவலுக்கு 2001-ல் சாகித்திய அகாதெமி பரிசு வந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. இருந்திருந்தாலும் வாங்கியிருப்பாரா என்பது, பரிசுகளைப் பற்றிய அவர் சுபாவம் தெரிந்தவர்களுக்குச் சந்தேகம்தான்.

அச்சிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிற பாலத்தில் முதலில் நடந்தவர்களில் ஒருவர் சுஜாதா. ரங்கராஜன் என்ற பெயரில் ஏற்கெனவே ஓர் எழுத்தாளர் இருந்ததால் மனைவியின் பெயரைப் புனைபெயராக்கிக்கொண்டவர். கணையாழியில் கடைசிப் பக்கம் எழுதினார். ஜூனியர் விகடனில் 'ஏன் எதற்கு எப்படி' என்று விஞ்ஞானக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பிறகு 'அம்பலம்' என்ற இணையப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்து, வாசகர்களோடு எழுத்திலேயே அரட்டை அடித்தார். 2008-ல் அவர் மறைந்தபோது ஃபேஸ்புக் என்பது தமிழ்நாட்டில் பலர் கேள்விப்படாத பெயர். அவர் இருந்திருந்தால் நம்மையெல்லாம் அதில் முந்தியிருப்பார்.

தொடர்கதை செத்துவிட்டது என்று பலர் இரங்கற்பா பாடிக்கொண்டிருந்தபோது, ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் தேதி தம் இணையதளத்தில் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்று எழுத ஆரம்பித்தார். ஓர் அத்தியாயம் எழுதி நிறுத்தவில்லை; நாள்தோறும் எழுதினார். 2020-ல் முடிக்கும்போது இருபத்தாறு நாவல்கள் ஆகியிருந்தன. வாரந்தோறும் வந்த கல்கியின் ரகசியம்தான் இதுவும். சொன்ன நாளில் வருகிறவனுக்கு ஜனங்கள் கதவைத் திறந்து வைக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல கதை. இனி அந்த இளைஞருக்குச் சொல்லத் தயங்குகிற கதை.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வெளிவந்தது. நாலு ஆண்டுகள் அது பாட்டுக்கு இருந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. நாவலின் சில பக்கங்களை மட்டும் பிரதி எடுத்துப் பரப்பினார்கள். 2015 ஜனவரியில் பேச்சுவார்த்தை என்ற பெயரில் அவரை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அதற்குப் பிறகு அவர் ஃபேஸ்புக்கில், தமக்குள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் மறுபடி எழுத வந்தார்.

உ. வே. சா.வுக்குக் கையொப்பமிட்டவர்கள் படிக்காமலே நம்பினார்கள். இங்கே படிக்காமலே தண்டித்தார்கள். படிக்காத கூட்டம் என்பது இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி. பத்தாயிரம் பேரைச் சேர்த்துக்கொள் என்று சொல்கிறவர்கள், அவர்களில் படிக்கிறவர் எத்தனை பேர் என்று கேட்பதில்லை.

பிறரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விடுவது நியாயம் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொடர்கதை எழுதினேன். அதில் ஒரு கிழவர் இறந்துபோக வேண்டும், கதையே அதற்காகத்தான். முந்தின அத்தியாயம் வந்தவுடன், 'தாத்தாவைக் கொன்றுவிடாதீர்கள்' என்று ஃபேஸ்புக்கில் இருநூறு பேருக்கு மேல் எழுதிவிட்டார்கள். நான் கிழவரைப் பிழைக்க வைத்தேன். ஏராளமான பாராட்டு வந்தது. அந்த மாதம் என்னைப் பின்தொடர்கிறவர்கள் எண்ணிக்கையும் ஏறியது. புத்தகமாக வந்த பிறகு ஒரே ஓர் அம்மாள், மந்தைவெளியிலிருந்து, ஒரு தபால் கார்டு போட்டார். 'தாத்தா எப்போதோ இறந்துவிட்டார் போலிருக்கிறதே, கடைசி நாலு அத்தியாயமும் அவர் பேசவேயில்லையே' என்று எழுதியிருந்தார். உண்மைதான். உயிரோடு வைத்தேனே தவிர, அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. இருநூறு பேர் அந்தக் கிழவரைக் காப்பாற்றினார்கள். கதையைக் காப்பாற்ற ஒருவரும் இல்லை. என் காவல் வேலையை நான் அவர்களிடம் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கார்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

போன வாரம் அந்த இளைஞர் மறுபடி வந்தார். கையெழுத்துப் பிரதியையும் கொண்டுவந்திருந்தார். வாங்கி வைத்துக்கொண்டு சொன்னேன்: "தம்பி, எண்ணூறு பேரை வைத்துக்கொண்டு அழாதீர்கள். அதில் எட்டுப் பேர் உண்மையாகப் படிக்கிறவர்கள் யார் என்று கண்டுபிடியுங்கள். அவர்கள் விலாசத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ள முடியாத நோட்டு. சொன்ன நாளில் எழுதுங்கள். கேட்டவருக்குப் பதில் போடுங்கள். புத்தகத்தைப் பையில் போட்டுத் தூக்க வெட்கப்படாதீர்கள். ஆனால் தாத்தா சாக வேண்டுமானால் சாகட்டும்."

"தாத்தாவா? எந்தத் தாத்தா, ஸார்?" என்றார்.

அந்தத் தொடர்கதையை அவர் படிக்கவில்லை என்று தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் போன பிறகு கதைகளை எடுத்துப் படிக்க உட்கார்ந்தேன். முதல் கதை சுமார். இரண்டாவது கதையை முடித்தபோது ராத்திரி மணி பதினொன்று. எழுந்துபோய் மேஜையிலிருந்த கார்டு ஒன்றை எடுத்து அவர் விலாசத்தை எழுதினேன்.